கீழே ஓடும் எழுத்து

எனக்குக் காது கேட்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிப் பேச்சில் தெரிந்துகொள்கிறவர்கள் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள், அந்த முகம் எனக்குப் பிடிக்காது. பிறவியிலேயே இப்படி இல்லை. மகள் சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகிற போக்கில் அது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டி மெஷின் வாங்கி மாட்டினேன். மெஷின் சத்தத்தைக் கொடுக்கும், சொல்லைக் கொடுக்காது. மிக்ஸி ஓடுகிற அடுப்படியில் நின்றுகொண்டு அடுத்த அறைப் பேச்சைக் கேட்பது போல இருக்கும். கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன்.

அதற்கு முன்னால் நான் சினிமாப் பைத்தியம். திண்டுக்கல்லில் எந்தத் தியேட்டரில் எந்த வரிசையில் உட்கார்ந்தால் ஃபேன் காற்று வரும் என்பது எனக்கு அத்துபடி. கல்யாணமான புதிதில் வீட்டுக்காரரும் நானும் மறுவீட்டு விருந்துக்குப் போகிற வழியில் இறங்கி மேட்னி பார்த்துவிட்டு, பஸ் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னவர்கள். காது போன பிறகும் விடவில்லை, ஒரு தடவை குடும்பத்தோடு போனேன். தியேட்டரே சிரிக்கிறது. என்ன சொன்னான் என்று இவரைக் கிள்ளினேன். "அப்பறம் சொல்றேன்" என்று வாயசைத்தார். குறுக்கே அடுத்த சிரிப்பு வந்துவிட்டது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், ஓடுகிற பஸ்ஸில் இருந்துகொண்டு கீழே நிற்கிறவளுக்கு எப்படிக் கதை சொல்வது? ஆனால் அந்த அப்பறம் இதுவரை வந்து சேரவில்லை.

வீட்டு டிவி முன்னாலும் அதே கதைதான். அவர்கள் சிரித்தால் நானும் சிரித்து வைப்பேன். எனக்கே என் மேல் எரிச்சல் வரும். போனில் பார்க்கும் தமிழ்ப் படங்களில் கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும் என்பது உண்மைதான். எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே படிக்க வரும். ஆனாலும் அம்மா திட்டுவதை இங்கிலீஷில் படிப்பது, சொந்த வீட்டில் வாடகை கொடுத்துக் குடியிருப்பது மாதிரி இருந்தது. அதனால் தமிழ்ப் படமே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு நாள் மகள் தன் போனில் ஒரு கொரியப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து கீழே ஓடுகிற இங்கிலீஷ் எழுத்தைப் படித்தேன். ஒரு வேடிக்கையான இடம் வந்தது. நான் பக்கென்று சிரித்துவிட்டேன். மகள் திரும்பிப் பார்த்தாள். அவள் இன்னும் சிரிக்கவில்லை. எழுத்து பேச்சுக்கு முன்னால் முழுசாக வந்து நின்றுவிடும், நான் வேகமாகப் படிக்கிறவள். இத்தனை காலத்துக்கப்புறம் ஒரு வீட்டில் முதல் ஆளாகச் சிரித்தது நான். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். கொரியா, ஜப்பான், ஈரான், துருக்கி, மங்கோலியா என்று எந்த ஊர்ப் படமானாலும் சரி. அந்த ஊர்ப் பேச்சு எனக்கும் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரிக்கும் தெரியாது. படிக்கத்தான் வேண்டும். படிப்பதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை.

நாகல் நகரில் எனக்கு ஒரு டிடிபி கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, வளைகாப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் நானே டைப் அடித்து வடிவமைத்துக் கொடுப்பேன். வருகிறவர்கள் எப்படியும் விஷயத்தைத் தாளில் எழுதிக்கொண்டுதான் வருவார்கள் என்பதால் காது இல்லாதது தொழிலுக்குத் தடையாக இல்லை. அங்கே ஒரு நாள் தன் அண்ணன் கல்யாணப் பத்திரிகை அடிக்க ஒரு பெண் வந்தாள். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. மேஜை மேல் என் போனில் ஒரு ஜப்பானியப் படம் பாதியில் நின்றிருந்தது. அதைப் பார்த்தவள், பத்திரிகை மாதிரி எழுதிய தாளின் பின்பக்கத்திலேயே, 'இந்தப் படத்துல அந்தப் பெரியவர் செஞ்சது சரியா?' என்று எழுதிக் காட்டினாள். நான் பக்கத்தில் 'சரியில்லை' என்று எழுதினேன். அவள் 'ஏன்?' என்றாள். தாள் நிறைந்துபோய், மாப்பிள்ளை பெயர் எழுதியிருந்த பக்கத்திலும் படப் பேச்சு ஏறிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே என்னைத் தன் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கூட்டம் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. பெயிண்ட் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன். அவர் கடைக்கு மேலே வீடு, வீட்டு ஹாலில் ஒரு புரொஜெக்டர். எரியோட்டிலிருந்து பைக்கில் வருகிற ஒரு விவசாயி. முருங்கையும் தக்காளியும் போடுகிறவர், கருத்து சொல்லச் சொன்னால் கூச்சத்தில் தரையைப் பார்ப்பார். அப்புறம் இந்த லேப் பொண்ணு, நான். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு மேல் ஜன்னலை அடைத்துப் படம் போட்டால் சாயங்கால டீக்கு முடியும். முடிந்ததும் லைட்டைப் போட்டு ஆளாளுக்குக் கருத்து சொல்வார்கள்.

படத்தில் எல்லோருக்கும் சமமாக இருந்த நான், லைட் எரிந்ததும் பழையபடி கல்லாகிவிடுவேன். உதடுகளைப் படிக்க எனக்குக் கொஞ்சம் வரும், ஒருவர் என்னைப் பார்த்து நிதானமாகப் பேசினால். சினிமாவைப் பற்றிப் பேசுகிறவன் எங்கே நிதானமாகப் பேசுவான்? லேப் பொண்ணு பாவம், அவர்கள் பேசுவதைச் சுருக்கி எனக்கு போனில் தட்டி அனுப்பினாள். 'அண்ணனுக்குப் படம் பிடிச்சிருக்கு. எரியோட்டுக்காரருக்கு முடிவு பிடிக்கல.' எனக்குக் கோபம் வந்துவிட்டது. சுருக்கி எழுதுவது என் தொழில். ஒரு மனுஷன் வாழ்ந்த வாழ்க்கையை ஃப்ளெக்ஸில் மூன்று வரியில் அடக்குகிறவள் நான். எனக்குச் சுருக்கம் வேண்டாம், சண்டை வேண்டும் என்று பதில் அடித்தேன்.

அவள் என்ன நினைத்தாளோ, அந்தப் பதிலைக் கூட்டத்தின் வாட்ஸப் குரூப்பிலேயே போட்டுவிட்டாள். ஹாலில் எல்லோர் போனும் வெளிச்சமாயிற்று. வாயைத் திறக்கக் கூச்சப்படுகிற எரியோட்டுக்காரர் தலையைக் குனிந்து தட்ட ஆரம்பித்தார். தட்டினார், தட்டினார், அரைப் பக்கம் வந்து விழுந்தது. இந்த மனுஷனுக்குள் இம்புட்டு இருந்ததா என்று அண்ணனே அசந்துபோனார். அன்றிலிருந்து அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. படம் முடிந்ததும் ஒரே ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, ஒருவரும் வாய் திறக்காமல் போனில் எழுதி அடித்துக்கொள்வோம். டீ கொண்டுவரும் அண்ணன் வீட்டம்மாவை நான் மதினி என்று கூப்பிடுவேன். முதல் தடவை எங்களைப் பார்த்தபோது மதினி வாசலிலேயே நின்று என்னவோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். லேப் பொண்ணு அனுப்பினாள்: 'என்னங்க இது, எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்கன்னு கேக்குறாங்க.'

எங்கள் கூட்டத்தின் பெருமைக்கு ஒரு மங்கோலியப் படத்தைச் சொல்ல வேண்டும். பெரிய புல்வெளி, ஆடுகள், ஒரு அப்பனும் மகனும். அதிகம் பேச்சில்லாத படம். அதில் ஆட்கள் வாயை அசைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கீழே எழுத்து வந்தது. மகன் முறைப்பான், அடுத்த காட்சியில் ஆடு மேயும், அப்போது 'நான் போகிறேன்' என்று எழுத்து ஓடும். நான் அசந்துவிட்டேன். சொல் ஒரு இடத்தில், அது போய்ச் சேருவது இன்னொரு இடத்தில். இதைவிட அழகாக ஒரு அப்பன் மகன் சண்டையை எப்படிக் காட்டுவது என்று பக்கம் பக்கமாக எழுதினேன். அண்ணன் ஒரு படி மேலே போய், பரந்த வெளியில் பேச்சு போய்ச் சேர நேரமாகும், டைரக்டர் அதைத்தான் காட்டியிருக்கிறார் என்றார். எரியோட்டுக்காரர், 'நெசந்தான். எங்க காட்டுலயும் இந்த வரப்புல கூப்ட்டா அந்த வரப்புல செத்த நேரங்கழிச்சுத்தான் திரும்பிப் பாப்பாங்க' என்று சாட்சி சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து லேப் பொண்ணு உண்மையைக் கண்டுபிடித்தாள். படம் ஒரு பிரதி, எழுத்து வேறொரு பிரதிக்கானது. அதனால் எழுத்து பின்தங்கி ஓடியிருக்கிறது. டைரக்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அண்ணன் ஒரு நாள் முழுக்க குரூப் பக்கம் வரவில்லை. நான் கடையில் தனியாக உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். எனக்குக் காது கேட்காது, ஏமாந்தேன். இவர்கள் எல்லோருக்கும் காது ஜம்மென்று கேட்கிறது, இவர்களும் ஏமாந்தார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதியை வேறு எதற்கும் ஒப்பிட முடியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் போன வருஷம் அண்ணன் குரூப்பில் ஒன்று எழுதினார். அடுத்த வாரத்திலிருந்து தமிழில் டப்பிங் செய்த படங்களாகப் பார்க்கலாமா என்று. கொரியப் படங்கள் இப்போது நிறைய தமிழ்க் குரலோடு வருகின்றன என்றார்.

டப்பிங் பிரதிகளில் பாதிக்கு எழுத்து இருக்காது. இருந்தாலும் குரல் ஒன்று சொல்லும், எழுத்து வேறொன்று சொல்லும். அதுகூடப் பரவாயில்லை. தமிழில் கேட்டுவிட்டால் தமிழில் பேசத்தான் தோன்றும். ஒரு வாரம் எனக்காகப் போனில் தட்டுவார்கள், மறுவாரம் பாதி தட்டுவார்கள், அதற்கடுத்த வாரம் லேப் பொண்ணு எனக்குச் சுருக்கி அனுப்புவாள். நான் மறுபடி சிரித்து வைக்கிறவளாக ஆகிவிடுவேன். திண்டுக்கல்லில் நான் சமமாக உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு ஹாலில். அதுவும் போகப்போகிறது.

முடியாது என்று எழுதினேன். அண்ணன் கோபப்படவில்லை. அன்று சாயங்காலம் கடைக்கே வந்து, என் எதிரில் உட்கார்ந்து, நான் உதடு படிக்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "ஏம்மா, எம் வீட்டுக்காரி ரெண்டு வருசமா டீ மட்டும் கொண்டாந்து குடுக்குறா. அவளுக்கும் படம் பாக்கணும்னு இருக்கு. இங்கிலீஷ் படிக்கத் தெரியாதே, என்ன செய்ய?"

நான் அந்த ஹாலில் இரண்டு வருஷமாகச் சமத்துவம் பேசிக்கொண்டிருந்தபோது மதினி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். டம்ளரை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் திரையைப் பார்ப்பார், பிறகு போய்விடுவார். நான் அதைப் பார்த்திருக்கிறேன். அடுப்பில் ஏதோ வைத்திருப்பார், அதனால் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எது நடந்ததோ அதுவேதான் அவருக்கும் நடந்திருக்கிறது. டப்பிங் வந்தால் அவர் உள்ளே வருவார், நான் வெளியே போவேன். வராவிட்டால் நான் உள்ளே, அவர் வெளியே. யோசிக்க யோசிக்க எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

வீட்டில் சொன்னேன். இவர், விட்டுத் தள்ளு, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிக் காட்டினார். நல்ல மனசோடுதான் எழுதினார். ஆனால் காது போனதிலிருந்து என்னிடம் எல்லோரும் சொல்வது அந்த ஒன்றுதான். ஃபங்ஷனா, விட்டுத் தள்ளு. போன் பேசணுமா, விட்டுத் தள்ளு. 'செவிடன் காதில் ஊதின சங்கு' என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதில் செவிடனைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். கேட்காது என்று தெரிந்தும் சங்கையே தூக்கிக்கொண்டு வந்தானே ஒருத்தன், அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. விடமாட்டேன் என்று இவரிடம் வாய் திறந்தே சொன்னேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும், மகள் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தாள்.

மறுநாள் கடையில் ஒரு கல்யாணப் பத்திரிகையை வரி பிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் புத்தி வேலை செய்தது. மதினிக்கு இங்கிலீஷ்தான் தெரியாது. தமிழ் படிக்கத் தெரியுமே. எழுத்து தமிழில் ஓடினால் அவரும் உட்காரலாம், நானும் உட்காரலாம். தமிழில் அடிப்பதுதானே என் பிழைப்பு.

குரூப்பில் எழுதினேன். டப்பிங் படத்தை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள், நான் ஒரு படத்துக்குத் தமிழ் எழுத்து போட்டுக் கொண்டுவருகிறேன், மதினிக்குப் பிடிக்காவிட்டால் நான் அதற்குப் பிறகு வாயே திறக்கமாட்டேன். குரூப்பில் எனக்கு வாய் எவ்வளவு நீளம் என்று தெரிந்ததால் எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். ஆனால் ஒத்துக்கொண்டார்கள்.

லேப் பொண்ணு ஒரு வியட்நாம் படத்தைப் பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தாள். எங்கிருந்து பிடிக்கிறாள் என்று நான் கேட்பதில்லை. ஆற்றில் படகு ஓட்டி வியாபாரம் செய்கிற ஒரு தாய். ஒரே மகன். அவனுக்குப் பட்டணம் போய்ப் படிக்க ஆசை. தாய் படகை விற்று அனுப்புகிறாள். பிறகு அவன் போன் செய்தால் அவள் எடுப்பதே இல்லை. போன் அடித்து அடித்து ஓய்கிறது. கடைசிவரை எடுப்பதில்லை. எழுத்துக் கோப்பைக் கம்ப்யூட்டரில் திறந்தால் ஒவ்வொரு வரிக்கும் மேலே அது எப்போது வந்து எப்போது மறைய வேண்டும் என்ற நேரம் இருக்கிறது. நேரத்தைத் தொடாமல் இங்கிலீஷை எடுத்துவிட்டுத் தமிழை வைத்தால் போதும். இதென்ன பிரமாதம் என்று, பத்திரிகை வேலைகளுக்கு நடுவே பகலில் உட்கார்ந்து விறுவிறுவென்று அடித்தேன்.

முதல் கால்வாசியை லேப் பொண்ணுக்கு அனுப்பினேன். அவள் கடைக்கு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். படகுக்காரி மகனைச் சாப்பிடக் கூப்பிடுகிற இடத்தில், 'அன்புடன் உணவருந்த அழைக்கிறேன்' என்று அடித்திருந்தேன். பக்கத்துப் படகுக்காரர் செத்துப்போன சேதிக்கு, 'இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' ஆற்றங்கரையில் ஒரு சின்னப் பையன் ஓடி வந்து சொல்கிற வசனம் அது. இத்தனை வருஷம் பத்திரிகையும் அஞ்சலியும் அடித்து அடித்து விரல் அப்படியே பழகிவிட்டது. நானும் சிரித்தேன். அவள் போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

பழக்கம் மட்டும் காரணம் இல்லை. ஜனங்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை நான் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. வாட்ஸப்பில் எழுதுகிறார்கள், படிக்கிறேன். ஆனால் ஒரு தாய் மகனைச் சோற்றுக்குக் கூப்பிடும் பேச்சு எழுத்தில் வருவதில்லையே. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து தேடினேன். தெருக் குழாயடிச் சண்டை ஞாபகத்தில் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் பூக்காரி கூப்பிடுவது இருந்தது. கன்னிவாடியில் எங்கள் அம்மா, வெஞ்சனம் ஆறுது, வந்து தின்னுட்டுப் போய் வெளாடுடா என்று தம்பியைக் கத்தியது அப்படியே இருந்தது. எல்லாம் உள்ளேதான் இருந்தன, யாரும் கேட்காததால் நான் எடுத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து அந்த வியட்நாம்காரி வாயில் வைத்தேன். அடித்துக்கொண்டிருக்கும்போதே பல இடங்களில் அழுதேன். கடைக்கு வந்த ஒருவர், அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிக்கிறேன் போல என்று நினைத்து மரியாதையாக வெளியே நின்றார்.

அந்தத் தாயை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. போனை எடுத்தால் மகன் திரும்பி ஓடி வந்துவிடுவான் என்று தெரிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் பொம்பளை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மாதம் சொன்னது ஒன்றரை மாதம் ஆனது. அண்ணன் அவசரப்படுத்தவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதினி சேலை மாற்றிக்கொண்டு வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்திருந்தார். அதில் ஒரு அம்மாவுக்குத் தமிழும் படிக்கத் தெரியாது. டீ போடுகிற வேலை அன்றைக்கு அண்ணனுக்கு. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து திரையைப் பார்க்காமல் மதினியின் பின்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலை ஆடாமல் நேராக இருந்தது. சோற்றுக்குக் கூப்பிடுகிற வரி வந்ததும் மூன்று பின்தலைகளும் குலுங்கின. சிரிக்கிறார்கள். எனக்கு மூச்சு வந்தது.

கொஞ்ச நேரத்தில் எரியோட்டுக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குரூப்பில் எழுதினார். மதினி அந்தப் படிக்கத் தெரியாத அம்மாவுக்காக ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படிக்கிறாராம், இன்னொரு அம்மாவும் கூடச் சேர்ந்து படிக்கிறாராம், பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது, படத்தின் சத்தமே கேட்கவில்லையாம். எனக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லையே என்று பதில் போட்டேன். நான் அடித்த பேச்சை ஒருத்தி வாய்விட்டுப் படித்துக்கொண்டிருக்கிறாள், இன்னொருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள். படிக்கட்டும், தெருவுக்கே கேட்கப் படிக்கட்டும் என்று இருந்தது.

படம் முடிந்து லைட் எரிந்தது. பக்கத்து வீட்டு அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்கள். மதினி போகவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு எங்களோடு வட்டத்தில் உட்கார்ந்தார். அண்ணன் அவரை அப்போதே குரூப்பில் சேர்த்துவிட்டார். நான் வழக்கம்போல முதல் ஆளாக எழுதினேன். அந்தத் தாயின் மனவுறுதியைப் பற்றி, அவள் போனை எடுக்காததுதான் படத்தின் உயிர் என்பதைப் பற்றி நீளமாக எழுதினேன். லேப் பொண்ணு ஆமோதித்தாள். எரியோட்டுக்காரர், 'நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்றார்.

மதினி ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தார். அழித்தார். மறுபடி தட்டினார். மதினி எழுதுகிறார் என்று என் போன் காட்டிக்கொண்டே இருந்தது, ஆனால் எதுவும் வரவில்லை. நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை போட்டால் போதுமே என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் மோவாயில் ஒரு கை பட்டது. மதினி எழுந்து வந்து என் எதிரில் நின்றிருந்தார். என் முகத்தைத் தூக்கித் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி, உதடு தெளிவாகத் தெரியும்படி சொன்னார்.

"நீ சொல்றது தப்பு ஆத்தா. அது உறுதி இல்ல, வீம்பு."

அவர் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். எடுக்காத போனின் அந்தப் பக்கம் பிள்ளை என்ன பாடுபடுவான் என்று உனக்குத் தெரியுமா என்றார். தனியாக நின்று காட்டுகிறேன் என்று அவள் தன் கௌரவத்தைத்தான் காப்பாற்றினாள், பிள்ளையை இல்லை என்றார். சொல்லச் சொல்ல வேகம் கூடி எனக்குப் பாதி விட்டுப்போனது. விட்டுப்போனது என்று கையைக் காட்டினால், மூச்சை இழுத்துவிட்டு அதே கோபத்தோடு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

குரல் ஏறி இறங்குவது தெரியாது என்பதால் நான் வெளியாட்கள் முன்னால் வாய் திறப்பதில்லை. அன்றைக்குத் திறந்தேன். எடுத்திருந்தால் அவன் படிப்பை விட்டுவிட்டு வந்திருப்பான், அப்புறம் இரண்டு பேரும் படகில்லாமல் கரையில் உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று கத்தினேன். வந்தால் வந்துட்டுப் போறான், அவன் பிள்ளை இல்லையா என்று மதினி கேட்டார். அண்ணன் நடுவில் கையை நீட்டியபோது மதினி அந்தக் கையைத் தட்டிவிட்டு அவர் பக்கம் திரும்பிச் சொன்னதுகூட எனக்குப் புரிந்தது. "அடுத்த படத்துக்கும் எழுத்துதான். ஆனா இவளைத் தனியா எழுத விடாதீங்க, அவ பக்கமாவே எழுதிப்புடுவா. நானும் கூட உக்காருவேன்."

பிறகு மறுபடி என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. அது அந்த ஒரு மாதிரி முகம் இல்லை. பாவம், சொன்னால் மனசு கஷ்டப்படும், ஆமாம் போட்டுவிட்டுப் போவோம் என்கிற எண்ணமே அதில் இல்லை. என் மேல் நிஜமான கோபம் இருந்தது. காது போனதிலிருந்து புருஷனோ மகளோ சொந்தமோ கடைக்கு வருகிறவர்களோ ஒருத்தரும் என்னோடு இப்படி நின்று சண்டை போட்டதில்லை. எங்கே அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அதனால் இன்னும் சத்தமாகச் சண்டை போட்டேன்.